கண்மாய் மண்ணில் விழுந்த திருநீறு

திருச்சுழி,
ஐப்பசி 28

அன்பு மருமகள் பிரவீணாவுக்கு உன் தாய்மாமன் சோலை ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை தங்கலட்சுமியும் வெள்ளாடு இரண்டும் சுகம். கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது. உன் உடம்பும் உன் ஆராய்ச்சியும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டிக்கொண்டேன், ஏன் என்று கீழே வரும். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ அழுதால் எனக்குக் கேட்கும், கடிதத்தில் கேட்காது.

புரட்டாசியில் வறண்டு கிடந்த கண்மாயில் அடித்து இறக்கி நீ எடுத்த மூன்றடிக் குழாய் மண்ணை, "மாமா, இது என் நாலு வருசப் படிப்பு. திறக்கக் கூடாது, தலைகீழாப் புடிக்கக் கூடாது, கார்த்திகை பொறந்ததும் வண்டி அனுப்புறேன்" என்று சொல்லி ஒப்படைத்தாய். "என் உசுரு மாதிரி பாத்துக்கிறேன் தாயி" என்று நானும் வாய் கிழியச் சொன்னேன். இப்போது கண்மாயில் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. இன்னொரு குழாய் மண் கோடைக்கு முன்னால் எடுக்க முடியாது, நீயோ சித்திரைக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த காரியத்தை நினைத்தால் சோறு இறங்கவில்லையம்மா.

போன வாரம் நீ போன் போட்டு, மண்ணில் பூஞ்சை பிடித்துவிடும், குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள் என்றாயா, நம் வீட்டு பிரிஜ்ஜில் மூன்றடிக் குழாய் படுக்காதே, பாளையம்பட்டியில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கும் என் சேக்காளி சங்கரலிங்கத்திடம் ஐஸ் பெட்டி நீளமாக இருக்கிறதே என்று, கொல்லையில் தண்ணீர்த் தொட்டி ஓரம், நான் வைத்த இடத்திலேயே கிடந்த குழாயைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். நீ ஒட்டிய சிவப்பு டேப்பையும் சீட்டையும் காணோம். எலி தின்றிருக்கும் என்று நினைத்தேன். ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் கந்தல் துணியும் அடைத்திருந்தது. படித்த பிள்ளை எவ்வளவு சிக்கனமாக இருக்கிறது என்று உன்னை மெச்சிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, போர்வெல் குழாயா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணுய்யா. ரெண்டாயிரம் வருசத்து மண்ணு."

"அப்ப அத்தன வருசத்துக்கும் சேத்துல்ல லக்கேஜு போடணும்!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குள் வேகத்தடையில் பஸ் எகிறியதில் கந்தல் துணி எங்கோ போய் விழுந்தது. கடைக்குப் போய்க் குழாயை நிமிர்த்திப் பிடித்தேன், அவ்வளவுதான், உள்ளே இருந்த மண் முழுசும் குழாய்ப்புட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு சங்கரலிங்கம் விரித்திருந்த பேப்பரில் வந்து படுத்துவிட்டது. அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், பிரவீணா, வைத்த கை தலையிலேயே இருக்க, கண் மட்டும் மண்ணைவிட்டு நகரவில்லை. மண்ணில் படிந்த பூந்தாது ஆயிரம் வருசமானாலும் மக்காது, அதை வைத்து எந்தக் காலத்தில் மழை பெய்தது, என்ன செடி முளைத்தது என்று கண்டுபிடிக்கலாம் என்றாயே, அப்போது தலையை ஆட்டினேனே தவிர நம்பவில்லை. இப்போது வரி வரியாக எதிரிலேயே கிடக்கிறது! கடல் தாண்டி எரிமலை வெடித்த சாம்பல்கூட இருக்கலாம், நுண்ணோக்கியில்தான் தெரியும் என்றாய். எனக்குக் கண்ணாடி போடாமலே தெரிந்தது, விரல் தண்டிக்கு வெள்ளையாக. அரிசி கிடந்தது, கடுகு கிடந்தது. ஆக, இந்தக் கரிசக்காட்டில் ஒரு காலத்தில் நெல் விளைந்திருக்கிறது. ஒரு கோடியில் கறுப்பு ரோமம், மறு கோடியில் வெள்ளை ரோமம். முதலில் கறுப்புக் குதிரைப் படையும் பிறகு வெள்ளைக் குதிரைப் படையும் போயிருக்க வேண்டும் என்று கூடிநின்ற இருபது பேருக்கும் விளக்கினேன். லேசாகச் சோப்பு வாசனைகூட அடித்தது. அந்தக் காலத்திலேயே என்ன சுத்தம் பார் என்றேன். எல்லோரும் குனிந்து மோந்து பார்த்தார்கள்.

சங்கரலிங்கம்தான் கண் கலங்கிவிட்டார். "நம்ம முப்பாட்டன்மாரு காலெடுத்து வச்ச மண்ணுல்ல!" என்று கல்லாப்பெட்டி மேலிருந்த திருநீற்றை ஒரு கை அள்ளி, நான் "ஏய், ஏய்" என்பதற்குள், சரியாக அந்த எரிமலைச் சாம்பல் மேலேயே தூவிவிட்டார். இப்போது எது எரிமலை எது திருநீறு என்று எனக்கே தெரியவில்லை. பதறிப்போய் அகப்பைக் காம்பால் மண்ணைத் திரும்பக் குழாய்க்குள் தள்ளினேன். தலை எது கால் எது என்று குறிப்பு இல்லாததால், ரெண்டாயிரம் வருசத்தைத் தலைகீழாக அடைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. குழாய் இப்போது ஐஸ் பெட்டியில் பால் ஐஸுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெட்டிமேல் சங்கரலிங்கம் விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்.

தப்பு முழுக்க என்னுடையது. உன் பெரிய சாருக்கு வேண்டுமானால் நானே வந்து கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்த மாமன், அன்றைக்கும் நீ அழுதாய், இன்றைக்கும் அழ வைக்கிறேன். என்னைத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நோய் நொடி அண்டாமல், நினைத்த படிப்பு முடித்து, பட்டம் வாங்கிப் பல்லாண்டு வாழ வாழ்த்தும்,

உன் தாய்மாமன்
சோலை

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உன் அத்தை வந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்தக் குழாயச் சொல்றீக?"

"பிரவீணா குழாய்தான்."

"அத நான் அன்னைக்கே உள்ரூம்புல கட்டிலுக்கு அடியில ஈரச்சாக்கு சுத்தி வச்சிட்டனே. நீங்க தூக்கிட்டுப் போனது மாரிக்கண்ணன் கழட்டிப் போட்ட சாக்கடக் குழாயில்ல!"

ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். சிவப்பு டேப், உன் கையெழுத்துச் சீட்டு, இரண்டு பக்கமும் மூடி, எல்லாம் அப்படியே இருக்கிறது. பிளம்பர் மாரிக்கண்ணன் போன மாசம் மாற்றிய குழாய், இருபது வருசம் நம் தொட்டியடியில் செங்குத்தாக நின்று அடைத்துக்கொண்டது. ஆகவே மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. சங்கரலிங்கத்திடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை, இன்று காலையும் விளக்கு ஏற்றினாராம்.

ஆனால் ஒன்று, பிரவீணா. இனி உன் படிப்பை நான் நம்புகிறேன். அந்த அரிசியும் கடுகும் நம் வீட்டுப் பானையில் இருந்து வந்தவை. வெள்ளை வரி என் பல்பொடி, நான் பேஸ்டுக்கு மாறியதும் வரி நின்றுவிட்டது. தலை எது கால் எது என்பதும் விளங்கிவிட்டது. கறுப்பு முடி இருப்பது அடிப்பக்கம், நரைமுடி இருப்பது மேல்பக்கம். குதிரை ஒன்றும் போகவில்லை, உன் அத்தைதான் இருபது வருசமாக அங்கே நின்று பாத்திரம் விளக்கியிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்தேன், நரைத்ததை நான் பார்க்கவேயில்லை. நாளையிலிருந்து பாத்திரம் நான் விளக்குகிறேன் என்று இப்போதுதான் சொன்னேன். ஏன் என்று கேட்கிறாள். சொல்லவில்லை.