தாம்பூலப் பை

எங்கள் நகரில் எனக்குப் பெயர் 'தாம்பூலக்காரர்'. (முதுகுக்குப் பின்னால் சொன்னால் பரவாயில்லை, முகத்துக்கு நேரேயே சொல்வார்கள்.) சும்மா வந்த பட்டமில்லை, உழைத்துச் சம்பாதித்தது.

மனைவி தவறிய பிறகு ராமநாதபுரத்துக்கு வெளியே இந்த நகரில் தனியாகக் குடிவந்தேன். துபாய் போன மகள் சீனி என்ற நாயை என்னிடம் விட்டுப் போனாள். நாள் முழுக்க நான் பேசியது அதனோடு மட்டும்தான்.

குடியிருப்போர் சங்கம் வாட்ஸ்அப்பில் உத்தரவு போட்டது: நாய்க் கழிவை வளர்ப்பவரே அள்ளித் தெருக்கோடி உரக்குழியில் போட வேண்டும், பிளாஸ்டிக் கவர் ஆகாது. என்னிடம் மகள் கல்யாணத்தில் மிஞ்சிய மஞ்சள் தாம்பூலப் பைகள் ஒரு மூட்டை இருந்தன. கழிவைப் பேப்பரில் சுற்றி, அதில் போட்டு, வாயை முடிந்துகொண்டு நடப்பேன். (சிக்கனத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது.)

ஒருநாள் காலை அப்படிப் போகும்போது எதிர்வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சார், பேரனுக்குக் காதுகுத்து. உள்ள வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

இரண்டு வருஷத்தில் ஒரு வீட்டுக்குள்ளும் என்னை யாரும் அழைத்ததில்லை. குழிக்குப் போய் வருவதற்குள் அவர் மனசு மாறிவிடுமோ என்று பயம். சீனியை அவர் வீட்டு கேட்டில் கட்டினேன். பையை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டுக் கைகழுவ ஓடினேன்.

பந்தியில் பக்கத்திலிருந்தவர் என் ஊரைக் கேட்டார். சாயல்குடி என்றேன். (உப்பளம், பனங்காடு என்று கேட்காததையும் சொன்னேன். இரண்டு வருஷப் பேச்சு சேர்ந்து கிடந்தது.) சந்தோஷத்தில் மிதந்தபடி வெளியே வந்து பெஞ்சிலிருந்த பையை எடுத்துக்கொண்டேன். அவர்கள் வீட்டுத் தாம்பூலப் பைகளும் மஞ்சளாக அங்கேயே அடுக்கியிருந்ததைக் கவனிக்கவில்லை.

குழியில் போட்டேன். டொக்கென்று சத்தம். கழிவு அப்படி விழாதே என்று எட்டிப் பார்த்தால், தேங்காய்.

திரும்பி ஓடினேன். பெஞ்ச் காலி.

கொஞ்ச நேரத்தில், காதுகுத்துக்கு வந்து தாம்பூலம் வாங்கிப் போயிருந்த சங்கச் செயலாளர் என் வாசலில் நின்றார், பையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி. மணமகள் என்று மகள் பெயரும், அழைப்பவர் என்று என் பெயரும் பளிச்சென்று அச்சாகியிருந்தன.

"உங்க வீட்டுப் பைதானே?"

"ஆமா சார்."

"உள்ள இருக்கிறது?"

"அதுவும் எங்க வீட்டுதுதான்."

"சாமி படத்துக்கு முன்னால வச்சுப் பிரிச்சுட்டா சார் என் வீட்டுக்காரி" என்றார். இனி இந்தத் தெருவில் ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. மறுநாளிலிருந்து தெருவே கேட்டது: "இன்னைக்கு யார் வீட்டுக்கு சார் தாம்பூலம்?"

சீனி செத்து ஆறு மாதமாகிறது. முதல் வாரம் வெறுங்கையோடு நடந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது காலிப் பையை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

"யார் வீட்டுக்கு சார்?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"உங்க வீட்டுக்குத்தான் வாரேன்" என்று சொல்லி நிற்பேன்.

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவார்.