சேவ் செய்யச் செய்ய வெளுக்கும் பச்சை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமாவும் கடையிலுள்ள அச்சு இயந்திரமும் சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒருவேளை தலைவலி, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால், இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். படித்த பிறகு எப்படியும் ஒரு மாத்திரை தேவைப்படும், இரண்டுக்கும் சேர்த்து ஒன்றாகப் போய்விடும்.

போனில் சொல்லக் கூடாதா என்று உங்கள் மனைவி கேட்டாள். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்றே என் வாயை அடைத்துவிடுகிறீர்கள். கடிதத்துக்கு நடுவில் யாரும் சரிங்க அத்தை சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் கடைக்குக் கல்யாணப் பத்திரிகை வரும், விசிட்டிங் கார்டு வரும், பில் புத்தகம் வரும். ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது சோப்புக்காரம்மாவின் சோப்பு உறையால்தான் என்பது உங்களுக்கும் தெரியும். அந்தம்மா கோபித்துக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போய்விட்டால் நாங்கள் கடையைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு உங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார வேண்டியதுதான். இப்போது அந்தம்மா குழந்தைகளுக்கென்று புது சோப்பு போடுகிறாள். உறை புதிது, ஆனால் பச்சை பழைய பச்சையாகவே இருக்க வேண்டும், இம்மி மாறினாலும் வாங்கமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முன்பு நாங்கள் டிசைன் சாஃப்ட்வேரை டப்பாவில் வாங்கினோம். ஒருமுறை காசு கொடுத்தோம், டப்பாவை அலமாரியில் வைத்தோம், அதற்கப்புறம் அந்தக் கம்பெனிக்காரன் யாரோ, நாங்கள் யாரோ. பிறகு டப்பாவை ஒழித்துவிட்டு மாதவாடகை என்றான். தொலையட்டும், தொழிலுக்கு வேண்டுமே என்று கட்டினேன். கட்டுகிறவளை நிம்மதியாக விட்டானா? ஒருநாள் காலையில் திறந்தால் இடப்பக்கம் இருந்த பேனாவைக் காணோம். தேடித் தேடிப் பார்த்தால் வலப்பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏதேதோ பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். இன்னொரு நாள் உறைக்காக ஓர் இலை வரைந்துகொண்டிருக்கிறேன், நரம்பு நரம்பாக இழுத்துக்கொண்டிருக்கிறேன், ஓரத்திலிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்த்து "இதைவிட நல்ல இலை வேண்டுமா" என்று கேட்கிறது. என் மாமியார்கூட என்னை ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. அதற்கும் மேலே, ஒருநாள் சோப்புக்காரம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இன்டர்நெட் போய்விட்டது. நான் வாடகை கட்டியவள்தானா என்று கம்பெனியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை என் ஃபைலை எனக்கே திறக்கமாட்டேன் என்றது சாஃப்ட்வேர். வரைந்தவள் நான், அது என் கை வேலை, அதைப் பார்க்க எங்கேயோ இருக்கிறவன் அனுமதி வேண்டுமாம். அந்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்மா, கடைக்குத்தான் வாடகை குடுக்கறேன்னு நெனச்சேன், பென்சிலுக்குமா குடுக்கறே?" என்று கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நீங்கள் வந்தீர்கள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, இது யாருக்கும் வாடகை குடுக்க வேண்டாத சாஃப்ட்வேர். ஊர் ஊரா இருக்கறவங்க சேர்ந்து செய்யறது. உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா பாக்கலாம், யார் வேணா திருத்தலாம்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசினீர்கள். மாப்பிள்ளை இவ்வளவு பேசுகிறாரே, விஷயம் இல்லாமலா இருக்கும் என்று நம்பினேன்.

நீங்கள் பஸ் ஏறினதும் ஆரம்பித்தது. என் பழைய ஃபைல்களைத் திறந்தால் எழுத்தெல்லாம் கொட்டிய அரிசி மாதிரி சிதறிக் கிடந்தது. நகலெடுக்க எந்தப் பட்டனை அழுத்துவேனோ அதை அழுத்தினால் இங்கே படம் தலைகீழாகப் புரண்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். ஆனால் பச்சை? காலையில் நான் போட்ட பச்சை சாயங்காலம் பிரிண்ட் எடுக்கும்போது அங்கே இல்லை. உங்கள் மாமா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "என்ன இது, வெயில்ல காயப்போட்டியா?" என்று கேட்டார். மை சரியில்லையென்று அவரைத் திட்டினேன், அவர் ஒருநாள் முழுக்க இயந்திரத்தைக் கழற்றித் துடைத்தார், பாவம். பிறகுதான் கண்டுபிடித்தேன். இந்தச் சாஃப்ட்வேர் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும் பச்சையை ஒரு துளி வெளுக்க வைக்கிறது. ஒருமுறை செய்தால் தெரியாது. நான் ஒரு கோடு இழுத்தால் ஒரு சேவ், ஓர் எழுத்து அடித்தால் ஒரு சேவ். எங்கள் தெருவில் கரண்ட் சொல்லிவிட்டுப் போவதில்லை. பேட்டரி வைத்திருக்கிறோம், அதுவும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் கரண்டின் பின்னாலேயே போய்விடும். அதனால் சேவ் செய்வது என் கை தானாகச் செய்கிற வேலை, மூளையைக் கேட்பதே இல்லை.

குறை இருந்தால் எழுத ஒரு பக்கம் இருக்கிறது என்று சொல்லியிருந்தீர்களே, அங்கே போனேன். பெயர் கேட்டது, போட்டேன், அதை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றது. இருந்த வயிற்றெரிச்சலில் "பச்சை போச்சு" என்று தட்டினேன். அதுவே என் பெயராக நிலைத்துவிட்டது. வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, நடந்ததையெல்லாம் விளக்கி மரியாதையாகத்தான் எழுதினேன். பொறுமைசாலி என்ற பெயரில் ஒருவன் பதில் போட்டான். "ஐயா, ஒரே நாளில் இத்தனை முறை யாரும் சேவ் செய்வதில்லை. இது பிழையல்ல. உங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும்." எழுதிவிட்டு என் புகாரை மூடியும் விட்டான். முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது என்பார்களே, அதுதான். நான் மறுபடி திறந்தேன். அவன் மறுபடி மூடினான். சாஃப்ட்வேருக்குள் இருக்கிற நிரல் திறந்தே இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே திருத்திக்கொள்ளலாம் என்று எனக்கு வழி வேறு சொன்னான். பசித்து வந்தவளிடம் ஹோட்டல்காரன், சமையலறைக் கதவு திறந்துதான் இருக்கிறது, போய்ச் சமைத்துக்கொள் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அதையே எழுதினேன். வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படித்தான் பேசுவீரா என்று கேட்டேன். "என் வீட்டுப் பெரியவர்கள் யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை" என்று பதில் வந்தது. கூடவே, "என் மாமியாரே டிசைன் கடை வைத்திருக்கிறார். இதைத்தான் பயன்படுத்துகிறார். இன்றுவரை ஒரு குறை சொன்னதில்லை" என்று அத்தாட்சி வேறு.

யாரோ ஒரு வாயில்லாத பூச்சி, மாப்பிள்ளைக்குப் பயந்துகொண்டு பல்லைக் கடித்துக் கிடக்கிறாள் போலிருக்கிறது என்று அந்த மாமியாருக்காக மனம் வருந்தினேன். "அந்த அம்மாளிடம் போய் உண்மையைக் கேட்டுப் பாருமையா, சூடு சொரணை இருந்தால்" என்று எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

நேற்று உங்கள் மனைவி போன் செய்தாள். "அம்மா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு. ஆபீஸ்லேர்ந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து தனியா முணுமுணுக்கறார். ஓய்வு நேரத்துல ஏதோ சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கறாரில்ல, அதுல பச்சை போச்சுன்னு ஒரு ஆளு வந்து தினமும் சண்டையாம். இவர் ஐயா ஐயான்னு பணிவாத்தான் பேசறார், அந்தாளு அடங்கவே மாட்டேங்கறானாம்" என்றாள். என்ன பெயர் சொன்னாய் என்று கேட்டேன். மறுபடி சொன்னாள். உங்கள் மாமா தாள் வெட்டிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்.

ஆக, பொறுமைசாலி நீங்கள். பச்சை போச்சு நான். வாயில்லாத பூச்சியும் நான்தான். மேலே அவன் இவன் என்று எழுதியிருப்பதை நான் அடிக்கப் போவதில்லை, அது பொறுமைசாலிக்கு உரியது. இனிமேல் வருகிற மரியாதை மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளை, உங்கள் அத்தை குறை சொன்னதில்லை என்று ஊருக்கே எழுதினீர்களே, என்னைக் கேட்டீர்களா? "எப்படி இருக்கு அத்தை" என்றீர்கள், "நல்லா இருக்கு" என்றேன். மாப்பிள்ளை போட்டுக் கொடுத்ததை நல்லாயில்லை என்று எந்த மாமியார் முகத்துக்கு நேரே சொல்வாள்? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் மனம்விட்டுப் பேசியதே அந்தப் பக்கத்தில்தான். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் கோபத்தோடு கோபமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்களெல்லாம் சம்பளமில்லாமல் கண் விழித்து இதைச் செய்வது பெரிய மனசு. உங்கள் சாஃப்ட்வேர் என் ஃபைலைப் பூட்டவில்லை, நல்ல இலை வேண்டுமா என்று கேட்கவில்லை. இது நிலைத்து நின்றால் எங்களைப்போன்ற சின்னக் கடைக்காரர்கள் எவனுக்கும் கைகட்டி நிற்காமல் பிழைக்கலாம் என்று நான் மனதார ஆசைப்பட்டேன். ஆனால் கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால், அது நீங்கள் செய்து நீங்களே பார்த்துச் சந்தோஷப்படுகிற சாமானாகத்தான் இருக்கும்.

நாளை சோப்புக்காரம்மா வருகிறாள். பழைய பச்சை இல்லாவிட்டால் மெயின் ரோட்டுப் பெரிய அச்சகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆகவே நான் வாடகைக் கம்பெனிக்கே தலைகுனிந்து திரும்பப் போகிறேன். நீங்கள் போட்டதை இன்றைக்கே எடுத்துவிடுவேன். இது முடிந்த முடிவு, நீங்கள் நேரில் வந்து எத்தனை சரிங்க அத்தை சொன்னாலும் மாறாது.

மகளுக்கு என் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதமும் மரியாதையும். பொறுமைசாலிக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத
உங்கள் அத்தை

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டுவதற்குள் சோப்புக்காரம்மா ஒருநாள் முன்னதாகவே வந்து நின்றாள். மேஜைமேல் வெளுத்துப்போன தாள் கிடந்தது. நான் மறைப்பதற்குள் எடுத்துவிட்டாள். வாசலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத ஏம்மா இவ்வளவு நாளா கண்ல காட்டல? பழைய பச்சை பெரியவங்களுக்கு. கொழந்தைக்கு இந்த மாதிரி மெத்துன்னுதான் இருக்கணும்" என்றாள். தாளிலேயே கையெழுத்துப் போட்டாள், இனிமேல் குழந்தை சோப்பு உறை மொத்தமும் நமக்கே என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தத் தாளை அடித்த ஃபைல் திரையில் அப்படியேதான் திறந்திருந்தது. அந்தம்மா வாசலைத் தாண்டவில்லை, சந்தோஷத்தில் என் கை போய் சேவ் பட்டனை அழுத்திவிட்டது, ஒருமுறையில்லை, எத்தனை முறை என்று அந்தக் கைக்குத்தான் தெரியும். இப்போது கையெழுத்துப் போட்ட பச்சை தாளில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. கண்ணால் பார்த்துக் கலந்து பார்க்கிறேன், உங்கள் மாமா ஒவ்வொன்றுக்கும் தலையை இல்லையென்று ஆட்டுகிறார். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகவே நினைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வாருங்கள். உங்கள் சாஃப்ட்வேரை நான் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். பச்சை வெளுப்பதையும் தயவுசெய்து அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள், அது எந்தக் கணக்கில் வெளுக்கிறது என்று தெரிந்தால்தான் பின்னோக்கிப் போய் அந்தப் பச்சையைப் பிடிக்க முடியும். நான் சேவ் பட்டனை அழுத்தியதை மாப்பிள்ளை என்ற உரிமையில் உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொறுமைசாலிக்குத் தெரிய வேண்டாம்.