நடுவில் வைத்த சாம்பிள்

எங்கள் புது வீட்டுக்கு என்ன கலர் அடிப்பது என்பதை நான் ஒருவனே முடிவு செய்வேன் என்று ஒரு சனிக்கிழமை காலையில் தீர்மானம் போட்டேன். உறுதியான தீர்மானம். அதை நான் போட்டபோது மனைவி வீட்டில் இல்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் சத்தியநாதன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் கலர் மாஸ்டர். பதினெட்டு வருஷ சர்வீஸ். பிரவுனில் மட்டும் நாற்பத்து மூன்று வகை எனக்குத் தெரியும். என் கையெழுத்து விழாமல் ஒரு தோல்கூட இத்தாலிக்குக் கப்பல் ஏறாது. அப்பேர்ப்பட்ட நான், வீட்டில் பால்காரரிடம் அரை லிட்டர் கூட ஊற்றச் சொல்வதற்கும் மேலிடத்தின் அனுமதி வாங்க வேண்டும். மேலிடத்தின் பெயர் பொன்மலர். வேலூரில் ஆஸ்பத்திரி நர்ஸ். இருபது நோயாளிகளை ஒரே பார்வையில் படுக்க வைத்துப் பழகியவள். வீட்டில் ஒரே ஒரு நோயாளி என்பதால் பார்வையும் தேவைப்படுவதில்லை, தொண்டையைச் செருமினால் போதும்.

வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுத்தது அவள் தம்பி. பெங்களூரில் இன்ஜினியர். 'ஓப்பன் பிளான் மாமா, இப்ப எல்லாரும் இதான் கட்றாங்க' என்றான். கட்டி முடித்து, பெயிண்டுக்கு முன்பே வாடகை வீட்டைக் காலி செய்து குடிவந்த பிறகுதான் அர்த்தம் புரிந்தது. வாசற்கதவைத் திறந்தால் ஹால். ஹாலுக்குப் பின்னால் சாப்பாட்டு மேஜை. மேஜைக்குப் பின்னால் அடுப்பு. அடுப்பின் முன்னால் பொன்மலர். நடுவில் ஒரு சுவர் கிடையாது. பழைய வாடகை வீட்டில் சண்டை வந்தால் அவள் சமையலறைக்கும் நான் முன்னறைக்கும் போய் ஆளுக்கொரு மூலையில் கௌரவமாகக் கோபித்துக்கொண்டிருப்போம். இங்கே கோபித்துக்கொள்ளவும் தெருவுக்குத்தான் போக வேண்டும்.

இதில் பெரிய வில்லங்கம் இடது பக்கத்துச் சுவர். வாசலில் புறப்பட்டு அடுப்பு வரைக்கும் முப்பத்திரண்டு அடி, ஒரு முனை, ஒரு மடிப்பு இல்லாமல் நேராக ஓடுகிறது. பெயிண்டர் வேதாசலம் அதன் முன்னால் பீடியோடு கால்மணி நேரம் நின்றார்.

"சார், இன்னா கலர் வேணா அடிக்கிறேன். ஆனா எங்க நிறுத்தறது? ஹால் எங்க முடியுது, கிச்சன் எங்க ஆரம்பிக்குதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

"நிறுத்தவே வேணாம். முழுக்க ஐவரி" என்றேன்.

"ஐவரியா?" என்றது அடுப்பிலிருந்து ஒரு குரல். ஓப்பன் பிளானில் ரகசியம் பேச முடியாது.

"ஆமாம் மலர். நாள் பூரா கலரைப் பாத்துப் பாத்து கண்ணு எரியுது. வீட்டுக்கு வந்தா கண்ணு ரெஸ்ட் எடுக்கணும்."

"நான் இருவது வருஷமா வார்டுல வெள்ளச் செவுத்தையே பாத்துனு இருக்கேன். வீட்டுக்கு வந்தும் அதையே பாக்கணுமா?"

"ஐவரி வேற, வெள்ள வேற."

"பேஷண்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்கு இன்னா வேணும்?"

"கலரு வேணும். டிசைன் வேணும். கதவத் தொறந்தா மனசு எழுந்து நிக்கணும்."

வேதாசலத்தைப் பிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். பயம் இல்லை, ராஜதந்திரம்.

அன்று தொழிற்சாலையில் ரஃபி அகமதிடம் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்தில் தோலைச் சுழற்றும் டிரம் செக்‌ஷன் இன்சார்ஜ். பதினெட்டு வருஷ தோஸ்த்.

"வீடு முழுக்க ஐவரி. முடிவு பண்ணிட்டேன்."

"சரி, அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிய வைப்பேன்."

ரஃபி சிரிக்க ஆரம்பித்தான். ஒருவன் சிரித்தால் செக்‌ஷனே சிரிக்கும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"கிறிஸ்துமசுக்கு முன்னாடி வீடு பிரதிஷ்டை. எல்லாரும் வாங்க. செவுத்துல இருக்கறது நான் எடுத்த கலரா இல்லன்னா, ஒரு மாசம் இந்த செக்‌ஷனுக்கு நானே டீ வாங்கியாந்து ஊத்தறேன்!"

சிரிப்பு நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் பார்த்ததில்லை.

வெறும் வாயால் சவால் விடவில்லை. என்னிடம் ஒரு வித்தை இருந்தது. தோல் வாங்க வெளிநாட்டு பையர் வந்தால் நாங்கள் ஒரு கலரைக் காட்ட மாட்டோம், மூன்று காட்டுவோம். இரண்டு ஓரத்திலும் பார்க்கச் சகிக்காத இரண்டு. நடுவில் நாங்கள் விற்க நினைப்பது. பையர் மூன்றையும் பார்ப்பார், முகம் சுளிப்பார், நடுவில் கை வைப்பார். தானே கண்டுபிடித்ததாக நினைத்துப் பெருமையோடு பின்பக்கம் கையெழுத்துப் போடுவார். உடனே அந்தத் துண்டைப் பாதியாக வெட்டி, ஒன்று அவருக்கு, ஒன்று எங்களுக்கு. அதோடு சரி. பிறகு பேச்சு மாறினால் இரண்டு பாதியையும் ஒட்டிக் காட்டினால் போதும்.

மூன்று பலகைகளில் பெயிண்ட் அடித்தேன். ஒன்று அழுகிய கத்தரிக்காய். ஒன்று குளத்துப் பாசி. நடுவில் ஐவரி.

பொன்மலர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"நடுவுல இருக்கறது பரவால்லயே" என்றாள்.

இத்தாலி விழுந்தது, ஜெர்மனி விழுந்தது, இன்று பொன்மலர்!

"அப்ப பின்னாடி ஒரு கையெழுத்து..."

"போடலாம். ஃபாக்டரில சாம்பிள் எடுத்ததும் நேரா போட்ருவீங்களா? டெஸ்ட் ஒண்ணும் கெடயாதா?"

"டெஸ்ட் இல்லாம எப்படி? துணியால தேச்சுப் பாப்போம், தண்ணி ஊத்திப் பாப்போம்."

"அப்ப டெஸ்ட் பண்ணுங்க. முப்பத்திரெண்டு அடி செவுரு அடுப்புல வந்துதான முடியுது? பலகைய அங்க வைங்க. மூணு நாள்."

தொழில் தர்மம். மறுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை கடுகு தாளித்தாள். செவ்வாய்க்கிழமை மத்தி மீன் குழம்பு, மஞ்சள் சற்று தாராளமாக. புதன்கிழமை, எங்கள் பதினான்கு வருஷ இல்லறத்தில் முதன்முறையாக, பீட்ரூட் பொரியல். மூன்றையும் நான்தான் ரசித்துச் சாப்பிட்டேன். வியாழக்கிழமை வெள்ளைத் துணியை நனைத்துப் பலகையைத் தேய்த்தேன். பத்துத் தடவை, முறைப்படி. கறை போகவில்லை. ஐவரி போய்விட்டது.

"இன்னாங்க, பாஸா ஃபெயிலா?"

நான் நேர்மையானவன். அதுதான் என் குடும்ப வாழ்க்கையின் பெரிய பலவீனம்.

"ஃபெயிலு" என்றேன்.

"பாவம். சரி, உங்களுக்கு எதுக்கு சிரமம்? சும்மா பாக்கறதுக்கு நான் ரெண்டு மூணு வரஞ்சு வச்சிருக்கேன்."

மூன்று சார்ட் பேப்பரைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

முதலாவது, மிளகாய்ச் சிவப்பிலும் எலுமிச்சை மஞ்சளிலும் சாய்வுப் பட்டை. பார்த்ததும் சைரன் சத்தம் காதில் கேட்டது. மூன்றாவது, கன்னங்கரேலென்ற கறுப்பில் தட்டு தட்டாக ரோஜாப் பூ. நடுவில் ஒன்று இருந்தது. மயில் கழுத்து நீலம். அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் மாங்காய் டிசைன், பட்டுப்புடவையில் ஓடுமே, அதேபோல வரிசையாக. வரிசை சாப்பாட்டு மேஜையோடு நின்றுவிட, அங்கிருந்து அடுப்பு வரை பளிச்சென்று மஞ்சள்.

"எனக்கு மொதல்ல இருக்கறதுதான்" என்றாள் பொன்மலர்.

"இன்னாது! மலர், அத அடிச்சா தெருவுல போற ஆம்புலன்ஸ் உள்ள வந்துரும்."

"அப்ப கறுப்பு."

"வீடா, கல்லறைத் தோட்டமா?"

"நீங்க எத சொன்னாலும் வேணாம்னுதான் சொல்வீங்க."

"வேணாம்னு சொல்லல. இத பாரு, நடுவுல இருக்கறது."

"இதுவா?" என்று உதட்டைப் பிதுக்கினாள். "இது ஏதோ சும்மா வரஞ்சேன்."

"சும்மாவா? மாங்காய் நிக்கற எடத்துல ஹால் முடியுது. வேதாசலம் கேட்டாரே, அதுக்குப் பதில் இதுல இருக்கு. மஞ்சள் தெறிச்சாலும் மஞ்சள் செவுத்துல தெரியாது. டெக்னிக்கலா இதான் கரெக்டு."

"நீலம் ஜாஸ்தியா இல்ல?"

"ஜாஸ்தியே இல்ல!"

"கண்ணு எரியும்னீங்க..."

"நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சி. பதினெட்டு வருஷமா கலர்லயே கெடக்கறவன் சொல்றேன்."

"எனக்கென்னமோ அந்தச் செவப்பு..."

"மலர்! இந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்க மாட்டேன். மாங்காய்னா மாங்காய்தான்!"

மேஜையை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தட்டிய முதல் மேஜை. பொன்மலர் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"சரிங்க. உங்க இஷ்டம்" என்றாள் குனிந்தபடியே. "ஆனா நாளைக்கு மாத்திப் பேசக்கூடாது. பின்னாடி கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். தேதியும் போட்டேன். அவளே கத்தரிக்கோல் கொண்டுவந்து பாதியாக வெட்டினாள். என் பாதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவள் பாதி வேதாகமத்துக்குள் போனது.

மறுநாள் ரஃபியிடம் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஐவரிய நானே ரிஜக்ட் பண்ணிட்டேன். நீலம், மாங்காய் டிசைன். முழுக்க என் செலக்‌ஷன். எவ்ளோ மல்லுக்கட்டினேன் தெரியுமா? மூணு காட்டினா, நான் அசையல."

"மூணா?" என்றான் ரஃபி. "நீ எடுத்தது எங்க இருந்தது?"

"நடுவுல."

"மத்த ரெண்டும்?"

"கண்றாவி."

ரஃபிக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்கப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. டிரம் செக்‌ஷன் தூசி அப்படி.

எட்டே நாளில் வேதாசலம் வேலையை முடித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும், வீடு பிரமாதமாக இருந்தது. வாசலில் நின்று பார்த்தால் நீலம் விரிந்து, மாங்காய்கள் வரிசை பிடித்து மேஜை வரைக்கும் நடந்து, மஞ்சளில் போய் முடிந்தன. அதன் முன்னால் பொன்மலர் நின்றபோது, வார்டிலிருந்து திரும்பிய களைப்பே அவள் முகத்தில் இல்லை. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு நல்ல ரசனை எனக்கு இருந்ததை இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டுவிட்டேனே!

பிரதிஷ்டை அன்று ஆயர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். ரஃபியும் செக்‌ஷன் ஆட்கள் ஆறு பேரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவருக்கு முன்னால் நின்று ஒவ்வொரு மாங்காயாக விளக்கினேன்.

"எல்லாம் அவரு செலக்‌ஷன்தாங்க" என்றாள் பொன்மலர். "மேஜயத் தட்டிப் பேசினாரு."

செக்‌ஷனே என்னை நிமிர்ந்து பார்த்தது. ஒரு மாத டீ சவாலில் நான் ஜெயித்துவிட்டேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு சைரா ஒரு பெரிய துணி மூட்டையோடு உள்ளே வந்தாள். தையல்காரி.

"மன்னிச்சுக்கோ அக்கா, ஜெபத்துக்கு முன்னாடியே குடுக்கணும்னு பாத்தேன். முடியல."

மூட்டையைப் பிரித்தாள். ஜன்னல் திரை, சோபா உறை, மேஜை விரிப்பு. எல்லாம் மயில் கழுத்து நீலம். ஓரத்தில் ஆரஞ்சு மாங்காய்.

ஒரு திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், என் பாதிச் சார்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு துல்லியமான மேட்சிங் நான் பார்த்ததில்லை.

"சைரா, எட்டு நாள்ல இவ்ளோ தெச்சிட்டியா?"

"எட்டு நாளா? அக்கா தீபாவளிக்கு முன்னாடியே துணி குடுத்துட்டாங்கண்ணா. பண்டிகைத் துணி ஜாஸ்தி, அதான் லேட்டு."

தீபாவளி முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நான் தீர்மானம் போட்ட சனிக்கிழமைக்கும் முந்தைய கதை.

"அண்ணன் வேற கலர் சொல்லிட்டா துணி வீணாப் போய்டுமேன்னு நான்தான் பயந்தேன். அக்காதான் தைரியமா எழுதிக் குடுத்தாங்க. இதோ."

மூட்டையில் ஒரு அட்டைத் துண்டு ஊசியால் குத்தப்பட்டிருந்தது. முன்பக்கம் நீலத் துணி. பாதியாக வெட்டியது. பின்பக்கம் பொன்மலரின் முத்து முத்தான கையெழுத்தில் மூன்று வரி, கீழே தேதி:

'இதுதான் கலர். என் வீட்டுக்காரர் இதைத்தான் எடுப்பார். நடுவில் வைத்தால் போதும்.'

திரும்பி அவளைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. அன்றும் இவள் அழவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மலர்... இந்த வித்தைய உனக்கு யாரு சொன்னாங்க?"

"நீங்கதான். பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு. மூணு தடவ சொன்னீங்க."

என் தோளுக்கு மேலாக எட்டி அந்த அட்டையை முழுக்கப் படித்து முடித்தான் ரஃபி. கையிலிருந்த கேக்கை மெதுவாக மென்று விழுங்கினான்.

"சத்தி, எனக்கு மட்டும் டீயில சக்கரை கம்மி."