மஞ்சள் கில்ட்

"மடிப்பெல்லாம் பின்பக்கம் வரணும் சார்," என்றார் கடைக்காரர் கில்கிறிஸ்ட், நோயாளியிடம் பேசும் டாக்டரைப் போல. "முன்பக்கம் தட்டையா இருக்கணும்."

நினியன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். தொப்புளுக்குக் கீழே கம்பளித் துணி விசிறி மாதிரி விரிந்து நின்றது. அதற்கும் கீழே அவனுடைய முழங்கால்கள், முப்பத்து மூன்று வருடமாக வெயில் படாமல் வளர்ந்த இரண்டு வெள்ளை முள்ளங்கிகள்.

"தெரியும். சும்மா மாத்திப் போட்டுப் பார்த்தேன்," என்றான்.

கில்கிறிஸ்ட் நம்பிவிட்டதாகத் தலையாட்டினார். முப்பது வருடமாக கில்ட்டுகளை, ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடைகளை, வாடகைக்கு விடுகிறவர். இதைவிடப் பெரிய பொய்களை எல்லாம் கேட்டிருப்பார்.

நினியன் பர்வஸ் ஸ்காட்லாந்துக்காரன்தான். ஆனால் தெற்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய கெல்சோ ஊர். அங்கே அவன் அப்பாவோ தாத்தாவோ கில்ட் கட்டியதில்லை. கல்யாணமானாலும் சூட், சாவானாலும் சூட். வேலைக்காக வடக்கே இன்வர்னஸுக்கு வந்து, மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்யத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை முழங்காலை ஊருக்குக் காட்டாமல் கௌரவமாகவே காலம் தள்ளியிருந்தான்.

அதற்கு வேட்டு வைத்தது ஓர் அழைப்பிதழ். ஷோனாவின் அப்பா முர்டோ மெக்ரேக்கும் அம்மாவுக்கும் கல்யாணமாகி நாற்பது வருடம். ஏரிக்கரை ஓட்டலில் சனிக்கிழமை மாலை விருந்தும் நடனமும். அடியில் சின்ன எழுத்தில், 'ஆண்களுக்கு உடை: கில்ட்.'

ஷோனாவும் அவனும் பழகத் தொடங்கி இரண்டு வருடம். அவள் மீன்வள ஆராய்ச்சிக் கப்பலில் வேலை பார்ப்பவள். மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் கரையில். கல்யாணத்துக்கு அவள் எப்போதோ சரி சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. "அப்பாகிட்ட நீயே நேர்ல கேட்கணும். அந்த மனுஷன் வாழ்க்கையில ஆசைப்படறது அது ஒண்ணுதான்." அந்தச் சனிக்கிழமை, விருந்துக்கு உட்காரும் முன்பு கேட்டுவிடுவது என்று நினியன் முடிவு செய்திருந்தான். முர்டோவை அவன் பார்த்ததுகூட இல்லை. போட்டோவில் மட்டும். அதில் அவர் கில்ட் கட்டிக்கொண்டு ஒரு டிராக்டரை முறைத்துக்கொண்டிருந்தார்.

கப்பலிலிருந்து ஷோனா போனில் பேசியபோது, கில்ட் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னான். அவள் சிரித்தாள். கறுப்பு சூட்டே போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், நேராகத் துறைமுகத்திலிருந்து ஓட்டலுக்கு வந்துவிடுகிறேன், அங்கே பார்க்கலாம் என்றாள். நினியனும் நிம்மதியாகத் தூங்கினான். ஒரே ஒரு ராத்திரி.

மறுநாள் காலை அந்த நிம்மதியைக் கலைத்தவள் வில்மா. கண்ணாடிக் கடையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அறுபதை நெருங்கியவள், முர்டோவின் மலைப்பக்கத்துக்காரி.

"முர்டோ மெக்ரே வீட்டு விருந்துக்குக் கால்சட்டையில போறதும், சர்ச்சுக்கு நீச்சல் ஜட்டியோட போறதும் ஒண்ணுதான் தம்பி," என்றாள். "அந்த வீட்டு ஆம்பளைங்க ஆட்டைக் குளிப்பாட்டவே கில்ட்லதான் இறங்குவாங்க. நீ சூட்ல போய்ப் பொண்ணு கேளு. சூப் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடலாம்."

அப்படித்தான் அவன் கில்கிறிஸ்டின் கடைக்கு வந்து சேர்ந்தான்.

மடிப்பு பின்னால் போனதும் அடுத்த கேள்வி வந்தது. எந்த வம்சத்துக் கட்டம்? மலைப்பக்கத்தில் ஒவ்வொரு வம்சத்துக்கும் கில்ட் துணியில் தனித்தனிக் கட்டம் உண்டு. பர்வஸ்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாக நினியன் கேள்விப்பட்டதில்லை. கடைக்காரர் யோசித்து, போகிற வீடு மெக்ரே வீடு என்றால் மெக்ரே கட்டமே கட்டிக்கொண்டு போனால் மரியாதையாக இருக்குமே என்றார். சிவப்புக் கட்டம், பார்க்க அம்சமாகவும் இருந்தது. நினியன் கட்டிப் பார்த்தான், பிடித்தது, எடுத்துக்கொண்டான்.

வில்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் பொண்ணே கேட்கலை. அதுக்குள்ள அவங்க வீட்டுக் கட்டத்தையே கட்டிக்கிட்டுப் போறியா? சாப்பாட்டுக்கு வந்தவன் சாவிக்கொத்தை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்ட மாதிரி இல்ல இருக்கு?"

மத்தியானமே கடைக்கு ஓடினான். எந்த வம்சத்துக்கும் சொந்தமில்லாத கட்டமாக ஒன்று கேட்டான். கில்கிறிஸ்ட் கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பட்டாளத்துக் கட்டம், யாரும் உடுத்தலாம், யாருக்கும் பகையில்லை என்றார்.

"யாருக்குப் பகையில்லை?" என்றாள் வில்மா. "இது அந்தக் காலத்துல எங்க மலை ஆளுங்களை வேவு பார்க்க ராஜா போட்ட பட்டாளத்தோட கட்டம். முர்டோ போன வாரம் யார் காசு கொடுத்தாங்கங்கறதை மறந்துடுவாரு. இருநூத்தெம்பது வருஷம் முன்னாடி நடந்ததை மறக்க மாட்டாரு."

புதன்கிழமை மூன்றாவது தடவையாகக் கடைக்குப் போனான். வெறும் சாம்பல் நிறத்தில், கட்டமே கண்ணுக்குத் தெரியாத ஒரு கில்ட் கிடைத்தது. அதற்குத் தோதாக முரட்டுக் கம்பளிக் கோட்டும், இடுப்புக்கு முன்னால் தொங்கும் தோல் பையும் அவனே தேர்ந்தெடுத்தான். இந்தத் தடவை வில்மா கில்ட்டைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். நினியனுக்கு உயிர் வந்தது.

"துணி பரவாயில்லை," என்றாள் கடைசியில். "ஆனா இது பகல் கோட்டு. பகல் பை. மான் வேட்டைக்குப் போற வேஷம். ராத்திரி விருந்துன்னா வெள்ளிப் பொத்தான் வச்ச குட்டைக் கறுப்புக் கோட்டு, முன்பக்கம் ரோமம் வச்ச பை, கழுத்துல வில் டை. அந்தக் கடைக்காரர் கேட்கலையா, பகலா ராத்திரியான்னு?"

கேட்டிருந்தார். முழங்கால் கவலையில் நினியன் பதில் சொல்லாமல் விட்டிருந்தான்.

இடையில் இரண்டு நாள் கடையில் கூட்டம் ஓயவில்லை. கண் பார்வை குறைந்தவர்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு வந்தது போல வந்தார்கள். சனிக்கிழமை காலையில்தான் அவனால் கில்கிறிஸ்டிடம் போக முடிந்தது. அன்று ஊரில் இரண்டு பெரிய கல்யாணம். அலமாரிகள் துடைத்து விட்டது போல இருந்தன. சாம்பல் கில்ட்டை நினியன் மேசைமேல் வைத்து, ராத்திரிக் கோட்டு கேட்க வாயைத் திறப்பதற்குள், ஒரு மாப்பிள்ளைத் தோழன் அதை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்து, இது திரும்பி வந்ததுதானே என்று கையெழுத்தும் போட்டுக் கொண்டு போய்விட்டான்.

கில்கிறிஸ்டுக்கே முகம் வாடிவிட்டது. உள்ளே போய் வெகுநேரம் தேடினார். வெளியே வந்தபோது கையில் வெள்ளிப் பொத்தான் கோட்டு இருந்தது, ரோமப் பை இருந்தது, வில் டை இருந்தது. கில்ட்டும் ஒன்று இருந்தது.

மஞ்சள். அடர் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பெரிய பெரிய கட்டம். நினியன் தன்னை அறியாமல் கண்ணைச் சுருக்கினான்.

"மெக்லவுட் வம்சத்துக்காரங்களோடது சார். கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

"எவ்வளவு எடுப்பா?"

"ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தே தெரியும்," என்றார் கில்கிறிஸ்ட். வியாபாரத்தில் பொய் சொல்லாதவர்.

வேறு வழியில்லை. கடைசியாக, குரலைத் தாழ்த்தி, உள்ளே ஏதாவது போடுவதா வேண்டாமா என்று நினியன் கேட்டான்.

"சொந்த கில்ட்டுன்னா அது உங்களுக்கும் காத்துக்கும் உள்ள விஷயம் சார். வாடகை கில்ட்டுன்னா கட்டாயம் போடணும். அது கடை விதி."

வில்மா தன் வீட்டுச் சமையலறையில் அவனை நிறுத்தி வைத்து அலங்காரம் செய்தாள். இடுப்பு இரண்டு அங்குலம் பெரிசு. ஊக்கு குத்தினாள். ஊக்கு குத்தியதில் மடிப்பு ஒருபக்கம் இழுத்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு ஊக்கு. ஷூவின் நீள நாடாவைக் கணுக்காலில் சுற்றி மேலே கட்டச் சொன்னாள். அவன் நடக்க நடக்க அது அவிழ்ந்து பாதத்தில் வந்து விழுந்தது. இறுக்கிக் கட்டினாள். இப்போது நாடா விழவில்லை, கால் மரத்துப் போனது.

மஞ்சளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"வில்மாக்கா, நெசமாச் சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அவள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு அவன் வில் டையை நேராக்கி, கன்னத்தில் லேசாகத் தட்டினாள். "அந்தப் பொண்ணுக்காக இதைக் கட்டிக்கிட்டுப் போறே பாரு, அதுக்கே அவர் கொடுக்கணும். போ. குனிஞ்சு மட்டும் எதையும் எடுக்காதே."

ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினான். மடிப்பு கசங்காமல் இருக்க, சீட்டின் நுனியில், முட்டையின் மேல் உட்கார்ந்த கோழி போல. வழியில் பெட்ரோல் போட இறங்கியபோது ஏரிக் காற்று ஒரு வீசு வீசியது. வாடகைக் கடையின் விதியை நினியன் மனதார வாழ்த்தினான். வழி நெடுக, முர்டோவிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். 'ஐயா, நான் பெரிய வம்சத்துக்காரன் இல்லை. ஆனா உங்க பொண்ணை நல்லா வச்சிருப்பேன்.' மஞ்சள் கில்ட்டில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசித்தால் கார் திரும்பிவிடும்.

ஓட்டல் கூடத்துக்கு வெளியே கண்ணாடிக் கதவு. கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

உள்ளே முப்பதுக்கு மேல் ஆண்கள். ஒருவர் இடுப்பில்கூட கில்ட் இல்லை. எல்லாரும் கால்சட்டை. கறுப்பு, பழுப்பு, நீலம். ஒருவர் கணுக்காலுக்கு மேலே நின்ற கால்சட்டையைக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கிழவர், வேலிக் கம்பி சிக்கிய ஆடு மாதிரி, காலை அகட்டி அகட்டி நடந்தார். நடுவில் முர்டோ மெக்ரே, போட்டோவில் பார்த்த அதே முறைப்பு. கால்சட்டை.

தப்பான கூடமோ என்று பலகையைப் பார்த்தான். 'முர்டோ, பெக்கி, நாற்பது ஆண்டுகள்.' சரியான கூடம்தான். அப்படியென்றால் தப்பானது அவன். ஷோனா சொன்னதைக் கேட்டிருக்கலாம். இந்தக் கோலத்தில் உள்ளே போய்ப் பெண் கேட்டால், மலை ஜனங்களைக் கேலி செய்ய வந்த தெற்கத்திக்காரன் என்றுதான் முர்டோ நினைப்பார். தூரத்தில் ஷோனாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட வேண்டும்.

அவன் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வாசல் மண்டபத்துக்கு வந்தான். அங்கே பெஞ்சில், பேக்பைப் என்ற துருத்தி வாத்தியத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். அவரும் கால்சட்டைதான். நினியனின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஏக்கமாகப் பார்த்தார்.

"கொடுத்து வச்சவரு தம்பி நீங்க," என்றார். "நாப்பது வருஷமா வாசிக்கிறேன். கால்சட்டையில மூச்சே பிடிக்க முடியலை. இதுகூட என் மச்சானோடது."

"அழைப்பிதழ்ல கில்ட்டுன்னுதானே போட்டிருந்தது?" என்றான் நினியன். "ஏன் ஒருத்தர்கூடக் கட்டலை?"

பெரியவர் கூடத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரகசியம் சொல்கிறவர் போலக் குனிந்தார்.

"ஷோனா கட்டிக்கப் போற பையன் தெற்கத்திக்காரனாம், கில்ட்டுன்னாலே உதறலாம், பாவம் சூட்லதான் வரானாம், பொண்ணே சொல்லிச்சாம். 'என் மருமகன் முதல் தடவையா நம்ம நடுவுல வந்து நிக்கிறப்போ, தான் மட்டும் வேறன்னு கூசக் கூடாது'ன்னு முர்டோ முப்பத்திரண்டு வீட்டுக்கும் போன் போட்டு, பொண்ணுக்குக்கூடத் தெரியாம, எல்லாருக்கும் கால்சட்டையை மாட்டி விட்டுட்டாரு. உங்களை மட்டும் எப்படித் தம்பி மறந்தாரு?"