நூறு வாசல் மண்டபம்

நெடுங்குரல் நாட்டு வேலாத்தாளுக்கு ஒரு சிக்கல். அரசர் தோட்டத்து வாழைக்கன்றைத் தின்றுவிட்ட அவளுடைய எருமை நீதிமன்றப் பட்டியில் அடைபட்டிருந்தது. வீட்டில் அதன் கன்று பாலுக்குக் கத்தியது. "எருமை என்னுடையது, அது தின்றதற்கு ஈடாக வாழைக்கன்று இந்தாருங்கள்" என்று நீதிபதியிடம் சொன்னால் போதும். அதைத்தான் சொல்ல முடியவில்லை.

காரணம் எளிது. நீதிமன்றத்தில் வழக்குரைஞர் மண்டபத்தார் மட்டுமே பேசலாம். வேறு யாராவது வாய் திறந்தால் நீதிபதி காதில் பஞ்சு வைத்துக்கொள்வார். மண்டபத்தார் கேட்ட கூலி எருமையின் பாதி விலை.

குறைகள் பெருகவே, போட்டியை வளர்க்க அரசர் குழு அமைத்தார். சட்டம் தெரிந்தவர்கள் வேறு இல்லாததால் உறுப்பினர் அனைவரும் மண்டபத்தாரே. சந்தையில் போட்டி இருக்கிறது. சந்தையில் கடைகள் நிறைய. கடைக்கு ஒரு வாசல். ஆகவே வாசல்களை எண்ணினால் போட்டியை அளந்துவிடலாம் என்று குழு கண்டது. மண்டபத்துக்கு நூறு வாசல் வைக்க ஆணை பிறந்தது. அவற்றை மூடுவதும், அவற்றின் வழியே போவதைத் தடுப்பதும் குற்றம்.

முதல் வாசலில் மண்டபத் தலைவர் மாசிலாமணியார் சிவப்புத் தலைப்பாகையுடன் நின்றார். எருமையின் முழு விலை கேட்டார். வேலாத்தாள் அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே அவரே பச்சைத் தலைப்பாகையுடன் நின்றார்.

"ஏனுங்க, அந்த வாசல்ல நின்னதும் நீங்கதானுங்களே?"

"அது வேறு நிறுவனம், அம்மா. எங்களுக்குள் கடும் போட்டி."

"கூலி எவ்வளவுங்க?"

"முழு விலை."

"முன்னெல்லாம் பாதிதானுங்களே?"

"நூறு வாசல் வைத்த செலவை யார் தருவது?"

"எருமைய வித்து எருமைய மீட்கோணுமாக்கும்! நல்லா இருக்குதுங்க உங்க போட்டி."

அமைச்சர் பூதலிங்கனாரிடம் ஓடினாள். மண்டபத்தின் மேல் குறை என்றால் மண்டபத்தார் மூலமாகத்தான் வர வேண்டும் என்றார் அவர். ஆனாலும் மனம் இரங்கி, "போட்டி போதவில்லை. இன்னும் ஒரு வாசல் வைக்கட்டும்" என்று உத்தரவிட்டார்.

மூன்று சுவர்களில் இடமில்லை. மீதமிருந்தது பின்சுவர். அதற்கு அப்பால் எருமை அடைபட்டிருந்த பட்டி. கொத்தனார்கள் இடித்தார்கள்.

வேலாத்தாள் முன்வாசலில் நின்று, "ஏ கருப்பாயி, வா ஆயா!" என்றாள். எருமை பின்வாசலில் நுழைந்து, மண்டபத்தைக் கடந்து, மாசிலாமணியாரை உரசிக்கொண்டு வந்தது.

"பிடியுங்கள்!" என்று அலறினார் அவர்.

"வாசல்ல போறதத் தடுத்தா குத்தமுங்க" என்றான் காவலன்.

வேலாத்தாள் கையோடு கொண்டுவந்த வாழைக்கன்றை வாசற்படியில் வைத்துவிட்டு எருமையுடன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் மற்றவர்களும் வந்து தங்கள் மாடுகளை அப்படியே கூப்பிட, பட்டி காலி.

எருமையை மீட்கும் முறை இவ்வளவுதான்: வழி திறந்திருக்க வேண்டும், உரியவர் தன் வாயாலேயே கூப்பிட வேண்டும்.