அரைப் பல்லும் கரும்பண்ணனும்

சாஃப்ட்வேரில் நொட்டை சொல்வதில் எங்கள் கரும்பண்ணனை மிஞ்ச உலகத்தில் ஆளே கிடையாது. ஊர் ஊராகப் பெண் பார்த்துத் திரும்பிய மாப்பிள்ளை வீட்டார்கூட அவரிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் அவர் எடிட்டர், நான் ஆல்பம் டிசைனர். செல்போனில் எடுத்த சின்ன வீடியோவை மண்டபத்துத் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கி, அப்புறம்தான் என்கோட் செய்து, அதாவது திரையில் ஓடும் ஃபைலாக மாற்றி, பென் டிரைவில் ஏற்றுவோம். எதில் பெரிதாக்குவது என்பதில்தான் தினமும் ரகளை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும் கரும்பு வண்டி ஒன்றை அவர் எப்போதோ படம் பிடித்து வைத்திருந்தார். எந்தப் புது சாஃப்ட்வேரும் முதலில் அந்த வண்டியைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும். அவருக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

"இது இன்னா, தோகையெல்லாம் கொழகொழன்னு இருக்கு? தூக்கிப் போடு!"

கல்யாண வீடியோ வாங்க வந்த புது மாப்பிள்ளையையும் உட்கார வைத்து வண்டியைக் காட்டுவார். "அண்ணா, எங்க கல்யாணம் எப்பங்க வரும்?" என்று மாப்பிள்ளை பரிதாபமாகக் கேட்பார்.

"மொதல்ல வண்டி போவட்டும், இருங்க."

ஒருநாள் முதலாளி ஏஐ சாஃப்ட்வேர் ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டி பளபளவென்று வந்து நின்றது. கரும்பண்ணன் முகத்தைச் சுளித்தார். "அந்த வண்டில இவ்ளோ தோகை இல்லீங்க. இதுவா மொளைக்க வச்சிருக்கு."

"ஜாஸ்தி இருந்தா இன்னாய்யா? அழகாத்தான இருக்கு!" என்றார் முதலாளி.

அந்த வாரமே கல்வராயன் மலையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம், கணவர் உயிரோடு இல்லை. சாமைக் கொல்லை ஓரத்தில் அவர் சிரித்தபடி நிற்கும் ஒரு துண்டு வீடியோ மட்டும் போனில் இருந்தது. அதை மண்டபத்தில் போட வேண்டும். முதலாளி தன் புது சாஃப்ட்வேரிலேயே பெரிதாக்கிக் காட்டினார். அந்த அம்மா திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்காரு. ஆனா இவரு எங்க வூட்டுக்காரரு இல்லீங்களே."

புளிய மரத்திலிருந்து விழுந்ததில் அவருக்கு முன்பல் பாதி உடைந்திருந்ததாம். சாஃப்ட்வேர் முழுப் பல்லையே கட்டிக் கொடுத்துவிட்டது.

"எம் பொண்ணுக்கு அப்பான்னா அந்த அரைப் பல்லுதாங்க."

கரும்பண்ணன் போனை வாங்கிக்கொண்டார். தன்னுடைய பழைய சாஃப்ட்வேரில், முகம் கெடாத அளவுக்கு மட்டும் பெரிதாக்கினார். திரையில் பாதிதான் நிறைந்தது. சுற்றிலும் கறுப்பு.

"கலங்கலா இருக்கேய்யா, ஸ்டூடியோ பேரு இன்னாவறது?" என்றார் முதலாளி.

"கலங்கலா இருந்தாலும் ஆளு அவருதாங்க. தெரியாத எடத்தைத் தெரியாதுன்னே வுட்டுடணும்."

சின்னசேலம் மண்டபத்துக்கு நாங்கள் இருவரும்தான் பென் டிரைவோடு போனோம். பாதித் திரையில் அந்த மனிதர் சிரித்தார். மணக்கோலத்தில் இருந்த பெண் "அப்பா பல்லு!" என்று கத்திச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என் பக்கத்தில் கரும்பண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு சட்டைக் காலர் ஓரம் கொஞ்சம் நைஞ்சிடுச்சுப்பா" என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்.

நான் போன பிறகு என் வீடியோவையும் யாராவது போடுவதாக இருந்தால், அதைக் கரும்பண்ணனே பெரிதாக்கட்டும். என் வழுக்கையை அவரை நம்பித்தான் கொடுக்கலாம்.