எண் மட்டும் நிரப்பவும்

"ஏன்டா கண்ணு, எத்தனை எலைன்னு உன்ற பொட்டி சொல்லுச்சா?" என்று கேட்டார் அப்பா குப்பண்ணன்.

சிவப்பிரகாஷ் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். 'எத்தனை பேர் வருவீர்கள்?' என்ற கேள்விக்கு அதில் ஐம்பது பதில்கள் வந்திருந்தன. 'ஊட்டோட வர்றோம்.' 'கண்டிப்பா.' 'பாக்கலாம்.' வாளையாறு சோதனைச்சாவடியில் லாரியோடு மாட்டிக்கொண்ட சித்தப்பா கும்பிடு படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

ஞாயிறன்று கொழிஞ்சாம்பாறையில் சிவப்பிரகாஷின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் பொள்ளாச்சியிலிருந்து வேன் வைத்து வருகிறார். போன வருடம் அவனுடைய தங்கை கல்யாணத்தில் குப்பண்ணன் குத்துமதிப்பாகச் சொன்ன கணக்கால் மூன்றாவது பந்தியில் சோறு தீர்ந்து, இதே தாய்மாமன் வெறும் இலையிலிருந்து எழுந்து போனார். அவருடைய தங்கையும் சிவப்பிரகாஷின் மனைவியுமான செல்வப்பிரியா அதை இன்னும் மறக்கவில்லை. புருஷனை மறக்க விடுவதுமில்லை. இந்த முறையும் சோறு குறைந்தால் சிவப்பிரகாஷ் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கோயம்புத்தூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே இணையப் படிவங்கள் செய்து கொடுப்பவன் அவன். சொந்த வீட்டு விசேஷத்துக்கு ஒன்று செய்ய மாட்டானா? செய்து, போனில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும் லிங்க் அனுப்பிவிட்டான்.

"சமையலுக்கு மொக்கையனத்தான சொல்லோணும்? வெத்தலபாக்கு வெச்சுட்டு வந்தர்லாமாடா?"

"அதுக்கு வேலை மெனக்கெட்டுப் போவோணுங்களாப்பா? எண்ணிக்கை முடிவாகட்டும், நானே போன்ல சொல்லிர்றேன்."

முதலில் ஜாவாஸ்கிரிப்டில் நாலு வரி நிரல் எழுதினான். எண் அல்லாத எதைத் தட்டினாலும் 'எண் மட்டும் நிரப்பவும்' என்று படிவம் சிவப்பாக முறைத்தது. சொந்தங்கள் யோசித்தார்கள். எண் என்றால் வேறு எதைக் கேட்பான்? ஆளுக்கொரு போன் நம்பரை அடித்து அனுப்பினார்கள்.

இரண்டு இலக்கத்துக்கு மேல் ஏற்காதபடி மாற்றினான். இப்போது நாலு, ரெண்டு, ஆறு என்று ஒழுங்காக வந்தன. ஆனால் அவசரத்தில் எழுதிய நிரல் அவற்றைக் கூட்டாமல், வரிசையாக ஒட்டி வைத்துவிட்டது. மொத்தம், நானூற்று இருபத்தாறில் தொடங்கி திரையின் ஓரம்வரை நீண்டது.

குப்பண்ணன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இத்தனை பேருக்குப் பந்தி போட்டா வாளையாறத் தாண்டுமேடா."

அதைத் திருத்தி முடிப்பதற்குள் பெருமாட்டியிலிருந்து அத்தை செல்லாத்தாள் போனில் கூப்பிட்டார்.

"மாடு கன்னு போடற மாதிரி இருக்குது சாமி, வர முடியாது. அதுக்குன்னு நல்ல காரியத்துல சைபர் போடச் சொல்றியா?"

அத்தை சொன்னதிலும் நியாயம் இருந்தது. குறைந்தது ஒன்று என்று மாற்றினான். அதோடு, வர முடியாதவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு ஒன்று போட்டார்கள்.

"ஏனுங்க, இதுல யாரு வர்றாங்க, யாரு வரலைன்னு எப்படிங்க தெரியும்?" என்றாள் செல்வப்பிரியா.

"நம்பரா இல்லையான்னுதான் அது பாக்கும். நெசமான்னு பாக்காது."

"அதுக்கு மாமாவோட குத்துமதிப்பே தேவலைங்க."

ஒன்று போட்ட நாற்பத்தேழு பேரையும் அவனே போனில் கூப்பிட்டு விசாரித்தான். தொண்டை கட்டிப்போயிற்று. ஆனால் சனிக்கிழமை காலையில் கணக்கு சுத்தமாக வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சோதித்துப் பார்த்த எண். வாழ்க்கையில் முதல் முறையாக அப்பாவின் முன் காலை நீட்டி உட்கார்ந்து, மொக்கையனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, நாளைக்கு முந்நூத்திப் பன்னண்டு எலைங்க. ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது."

"ரொம்ப சந்தோசமுங்க தம்பி. அதுல எங்க பதினாலு எலையும் வந்துருச்சுங்களா? வெத்தலபாக்கு வெக்காம லிங்க் மட்டும் வந்துச்சுங்களா, செரி, இந்தவாட்டி நம்மள விருந்துக்குத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு எங்க சமையல் ஆளுக அத்தனை பேரையும் சேத்துப் போட்டுட்டனுங்க. ஆமா, சமையலு யாருங்க?"